சோம்பலா, இயலாமையா?



ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டு வந்த ஒரு துஆவை நம்மில் அநேகர் சிறு பிராயத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். எட்டுக் காரியங்களை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகின்ற துஆ அது. கவலையும் துக்கமும் அதில் முதலில் வருகின்றன. அவற்றை அடுத்து 'அஜ்ஸ்' என்றும் 'கஸல்' என்றும் இரண்டு சொற்கள். கடன் பளுவும் மனிதர்களின் கொடுமையும் கடைசியில் வருகின்றன. மதரஸாவில் எங்களுக்கு ஓதிக் கொடுத்த ஆலிம்சா, அஜ்ஸ் என்றால் இயலாமை, கஸல் என்றால் சோம்பல் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விட்டார். நாங்களும் ஒப்பித்துவிட்டு விளையாடப் போய்விட்டோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, எதற்காக இரண்டு சொல் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

செய்யக் கூடியவன் மனமில்லாமல் இருப்பது சோம்பல். செய்ய வேண்டுமென்று தவிப்பவன் முடியாமல் கிடப்பது இயலாமை. முன்னதற்கு அவன் பொறுப்பாளி, பின்னதற்கு அல்லன். ஆனால் வெளியே நின்று பார்க்கிறவனுடைய கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இருவருமே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒருவனைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்லுவதற்கு முன்னால் நாம் எவ்வளவு தூரம் விசாரித்திருக்க வேண்டும்? விசாரிக்காமல் சொல்லிவிட்டால் அது எந்தக் கணக்கில் சேரும்? இந்தக் கேள்வியை நான் கிதாபுகளிலிருந்து எடுக்கவில்லை. என் கடையிலிருந்து எடுத்தேன்.

பினாங்கில் என்னுடையது மளிகைச் சாமான் கடை. ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த சிப்பந்தி ஒருவர் என்னிடம் வேலை செய்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. வந்த புதிதில் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்தால் அரைக் கிலோ கூடக் குறைய இராது. லோரிக்காரர்கள் அவர் நிற்கும்போது எடையில் விளையாட மாட்டார்கள்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாட்டின் எல்லைகள் மறுபடி திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. இடையில் 2021-ல் அவருடைய உம்மா ஊரில் வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸாவை என் கடையின் பின்புறம் நின்று டெலிபோனில் பார்த்தார். அன்றைக்கு அழுதார். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்தார். ஆகையால் அந்தத் துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் கணக்கை மூடிவிட்டேன்.

2022-ஆம் வருஷக் கடைசியில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் இடுப்பு வலி என்றார். மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி வருவது ஆச்சரியமா? நான் அலமாரியிலிருந்து வலிப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகு பிடரியில் பாரம், தலையைச் சுற்றி வார் போட்டு இறுக்கினாற் போல் வலி என்றார். கோடாலித் தைலம் கொடுத்தேன். பிறகு வயிற்றில் வாயு, மலச்சிக்கல், நெஞ்சில் எரிச்சல். அதற்கும் என் கடையில் மருந்து இருந்தது. ஒரு மனிதருக்கு மூன்று மாதத்தில் ஏழெட்டுச் சிமிழ் தைலம் விற்றிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இனாமாகக் கொடுத்தேன் என்பதை வேண்டுமானால் சொல்லிக் கொள்ளலாம்.

பகல் சோறு என் வீட்டிலிருந்து அடுக்குத் தூக்கில் வரும். அவருடைய அடுக்கு பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போவதாக என் மனைவி இரண்டு முறை சொன்னார். நஃபில் நோன்பு வைத்திருப்பார் என்றேன். அவர் கடை மாடியில்தான் தங்குகிறார். ஒரு நாள் லோரி வருகிறதென்று நேரத்தோடு கடைக்குப் போனேன். விடியற்காலை 3 மணி இருக்கும். மேலே விளக்கு எரிந்தது. தஹஜ்ஜுத் தொழுகிறார் என்று எண்ணி மாஷா அல்லாஹ் சொன்னேன். பள்ளிவாசலில் இரண்டு பேரிடம் அவரைப் புகழ்ந்தும் பேசினேன். நோயின் அடையாளத்தை நான் நன்மையின் அடையாளமாகப் படித்துக் கொண்டிருந்தேன், சகோதரர்களே.

நன்மையாகப் படிக்க முடியாதவற்றைக் குற்றமாகப் படித்தேன். நடை தளர்ந்தது. பத்தடி தூரத்தில் இருக்கும் சீனி டின்னை எடுத்து வர, தண்ணீருக்குள் நடக்கிறவரைப் போல் நடப்பார். ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் மறுபடி கேட்டுவிடுவார். குரல் தணிந்து ஒரே மட்டமாகிவிட்டது. மிச்சக் காசு தப்பாகக் கொடுத்தார். 10 வெள்ளி நோட்டுக்கு 50 வெள்ளி மிச்சம் கொடுத்தது ஒரு நாள் நடந்தது. தாடியை ஒழுங்கு செய்வதில்லை. ஒரே சட்டை மூன்று நாள். இத்தனையும் காலையில்தான் மோசம். அஸருக்குப் பிறகு முகம் கொஞ்சம் தெளியும். மஃரிபுக்குப் பிறகு இரண்டு வார்த்தை சிரித்துக்கூடப் பேசுவார். இதுதான் என்னைக் கெடுத்தது. மாலையில் சிரிக்கத் தெரிந்தவருக்குக் காலையில் என்ன கேடு, எல்லாம் நடிப்பு என்று தீர்மானித்தேன். இந்த வியாதி பலருக்குக் காலையில் கனத்து மாலையில் இலேசாகும் குணமுடையது என்பதை அப்போது நான் அறியேன்.

ஒரு நாள் முட்டைத் தட்டு ஒன்று கை நழுவி விழுந்தது. கடை நிறைய ஆட்கள். "சம்பளம் வாங்க மட்டும் கை நீளுது, சாமான் பிடிக்க மட்டும் கை இல்லையா? சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?" என்று கத்தினேன். தலையைக் குனிந்து கொண்டு துடைத்தார். அந்த மாதம் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்த 6 நாட்களுக்குச் சம்பளம் பிடித்தேன். சட்டப்படி சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். மனிதன் தனக்குச் சாதகமாக இருக்கும்போது சட்டத்தை எவ்வளவு பிரியமாக நினைக்கிறான்!

2023 ரமலான் வந்தது. சஹருக்கு எழுப்பட்டுமா என்று கேட்டேன். "எழுப்ப வேண்டாம் காக்கா. மூணு மாசமா மூணு மணிக்கு நான் முழிச்சுத்தான் கிடக்கிறேன்" என்றார். சொன்ன விதத்தில் தொழுகைக்கு எழுகிறவரின் சந்தோஷம் இல்லை. அதையும் நான் காதில் வாங்கிக் கடையில் விட்டுவிட்டேன்.

நோன்பு திறக்க ஒரு நாள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் எடுத்தார். கஞ்சிக் கிண்ணம் அவர் முன்னால் ஆறி ஏடு கட்டியது. அவர் போன பிறகு என் மனைவி, "நீங்கள் இத்தனை நாளாகக் கல்லாவைப் பார்த்தீர்கள், அந்தத் தம்பியின் இடுப்பு வாரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. வாரில் ஆணியால் குத்திய புதுத் துளைகள் மூன்று இருந்தனவாம். கடைசித் துளைக்கு அப்பால் ஒரு சாண் வார் தொங்கிக் கொண்டிருந்ததாம். "சர்க்கரை வியாதியோ என்னவோ, நாளைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள்" என்றார்.

டாக்டரம்மா முதலில் இரத்தம் எடுத்துச் சோதித்தார். சர்க்கரை, இரத்தசோகை, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி, இவை எல்லாவற்றையும் பார்த்தார். தைராய்டு மந்தமானாலும், இரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் மந்தமும் உண்டாகுமாம். ஆகையால் உடம்பைப் பார்க்காமல் "மனசுதான்" என்று சொல்லிவிடுவதும் தப்பு. மூன்றாம் நாள் முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகு டாக்டரம்மா மேசையிலிருந்த காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நம்மவருக்கு மலாயும் இங்கிலீஷும் கடைக்கு வேண்டிய அளவுதான் தெரியும். ஆகவே இடையில் இருந்து மொழிபெயர்த்தவன் நான்.

கடந்த இரண்டு வாரமாக எதிலாவது மனம் ஈடுபடுகிறதா? இல்லை. பிள்ளைகளோடு டெலிபோனில் பேசினால்? "பேசணும்னு தெரியுது காக்கா. ஆனா உள்ளே ஒண்ணும் அசையலை." தூக்கம்? பசி? "வாயிலே வச்சா மரக்கட்டை மாதிரி இருக்கு." கவனம்? "காசை எண்ணுவேன். பத்து வந்ததும் ஒண்ணு எங்கே போச்சுன்னு தெரியாது." இப்படி ஒவ்வொரு பதிலையும் நான் என் வாயால் டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். நான் சம்பளம் பிடித்த ஒவ்வொரு குற்றமும் நோயின் குறியாக என் வாய் வழியாகவே வெளியே வந்தது.

கடைசியாக, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கச் சொன்னார். நான் தயங்கினேன். ஒரு முஸ்லிமிடம், அதுவும் நோன்பு மாதத்தில், இதைக் கேட்பதா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட மாட்டோமா? டாக்டரம்மா, கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, கேட்டால்தான் இருக்கிற எண்ணம் வெளியே வரும் என்று சொல்லி மறுபடியும் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"ஹராம்னு தெரியும் காக்கா. அதனாலே நானா ஒண்ணும் செய்யமாட்டேன். தூக்கத்திலேயே எடுத்துக்கோன்னுதான் அல்லாஹ்கிட்டே கேக்கிறேன். தினமும் மூணு மணிக்கு அதைத்தான் கேக்கிறேன்."

பள்ளிவாசலில் நான் புகழ்ந்து பேசிய தஹஜ்ஜுத் அதுதான்.

இப்போது நம் சமூகத்தில் சிலர் கேட்கக் கூடிய கேள்விக்கு வருகிறேன். ஈமான் உள்ளவனுக்கு இப்படி வருமா? ஸப்ரு எங்கே, தவக்குல் எங்கே? இதைக் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், நானே கேட்டவன்தான். அவர்களிடம் நான் சொல்லுவது, சூரா யூஸுபை மறுபடி ஒருமுறை பொருளோடு ஓதிப் பாருங்கள் என்பதுதான். யஃகூப் (அலை) அவர்கள் நபி. மகனை இழந்த துக்கத்தில் அவர்களுடைய இரண்டு கண்களும் வெளுத்துப் போயின. அந்த இடத்தில் அல்லாஹ் அவர்களைக் குறித்துச் சொல்லும் சொல் 'கழீம்'. உள்ளே அடக்கி விழுங்கிக் கொண்டவர் என்பது அதன் கருத்து. நாவால் சொல்லாமல் விழுங்கிய துக்கம் சரீரத்தில் போய் வெளிப்பட்டது. நபியின் சரீரத்திலேயே வெளிப்பட்டதென்றால் மூட்டை தூக்குகிறவரின் இடுப்பில் வெளிப்படுவதில் அதிசயம் என்ன? அதற்காக அவர்களுடைய ஈமானில் குறை கண்டதாக அந்த சூராவில் எங்கேயாவது இருக்கிறதா?

அதே சூராவில் அதற்கு அடுத்தபடியே இன்னொன்று இருக்கிறது. நான் பல தடவை ஓதியும் கவனிக்காதது. மற்றப் பிள்ளைகள் தகப்பனாரின் உடம்பைப் பார்க்கிறார்கள். நோயில் விழுவார், அழிந்து போவார் என்று கண்டு கொள்கிறார்கள். ஆனால் கண்டு கொண்டதை அவர்கள் விசாரிப்பாகச் சொல்லவில்லை, இன்னுமா அந்த யூஸுபை நினைத்துக் கொண்டிருக்கிறீர் என்று குறையாகச் சொல்லுகிறார்கள். அடையாளங்கள் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தன. தெரிந்ததைக் கொண்டு ஏசினார்கள். என் கடையில் நடந்ததும் அதுவே.

யஃகூப் (அலை) அவர்கள் தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள், ஆகையால் மனிதர்களிடம் சொல்லுவது ஸப்ருக்கு விரோதம் என்று வாதிப்பவர்களும் உண்டு. என் சிற்றறிவுக்குத் தோன்றுவது வேறு. அவர்கள் அப்படிச் சொன்னது யாரிடம்? ஏசிக் கொண்டு நின்றவர்களிடம். அன்பாக ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. மேலும், சொல்லாமல் இருப்பது நோயாளியின் ஸப்ராக இருந்தாலும், கேட்காமல் இருப்பது பக்கத்தில் இருப்பவனின் ஸப்ரு ஆகிவிடுமா? ஆயிஷா (ரலி) அவர்களுடைய வழக்கத்தைப் பாருங்கள். மரணம் நடந்த வீட்டில் வந்தவர்கள் கலைந்த பிறகு, வாற்கோதுமை மாவில் 'தல்பீனா' என்னும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுவார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துக்கத்தில் ஒரு பங்கைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். துக்கப்பட்டவருக்கு உபதேசம் செய்து அனுப்பாமல் அவருடைய வயிற்றைக் கவனித்த மார்க்கம் இது.

நம் முன்னோர்களுக்கும் இது தெரியாததல்ல. கி.பி. 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடம்பின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரே கிதாபு எழுதினார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, காரணம் தெரிந்தது. மற்றது, காரணம் இன்னதென்று தெரியாமல் சரீரத்திலிருந்தே எழுவது. இரண்டாவதற்கு வெறும் ஆறுதல் போதாது, உடம்புக்கு மருந்தும் வேண்டும் என்றார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் ஆறுதலைக்கூட ஏசலாகத்தான் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு டாக்டரம்மா ஒரு செய்தி சொன்னார். 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 14 தேசங்களில் சாதாரண வைத்தியசாலைகளுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு நோய் இருந்த 1,146 பேரைக் கணக்கெடுத்தார்களாம். அவர்களில் 100-க்கு 69 பேர் வந்த காரணமாகச் சொன்னது உடம்பு வலியும் அசதியும் போன்றவற்றை மட்டுமே. ஆகவே தமிழர்கள்தாம் இப்படி, முஸ்லிம்கள்தாம் இப்படி என்பதில்லை. உலகம் முழுவதும் மனசு நோகும்போது மனிதன் இடுப்பைத்தான் காட்டுகிறான். ஆனால் நேராக எடுத்துக் கேட்டபோது, மனத்தில் ஒரு குறையும் இல்லை என்று மறுத்தவர்கள் 100-க்கு 11 பேர்தாம். இந்தக் கணக்கை நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணிக் கொண்டே போனேன். கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதது அவர்கள் குற்றமென்று இதுவரை எண்ணியிருந்தேன்.

நம் நாட்டிலும் இது அபூர்வமான நோயன்று. அரசாங்கச் சுகாதார ஆய்வின்படி 2019-ல் பெரியவர்களில் 100-க்கு 2.3 பேருக்கு இருந்தது. 2023-ல், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 ஆகியிருந்தது. பத்து லட்சம் பேர் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் 500 பேர் நின்றால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பாரத்தோடு ஸஃபில் நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்திரிகைகளில் இதை மன அழுத்தம், மனச்சோர்வு என்று பல பெயரில் எழுதுகிறார்கள். நம் கிழவிகள் "ஏக்கம் பிடிச்சிருக்கு" என்பார்கள். அந்தச் சொல் எனக்கு இவையெல்லாவற்றையும் விட நன்றாகப் பொருந்துவதாகப் படுகிறது.

ஆண்களை விடப் பெண்களுக்கு இது அதிகம். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதக் கணக்காகச் சுருண்டு கிடக்கும் உம்மாமார்கள், உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்லி எந்தச் சோதனையிலும் ஒன்றும் தென்படாதவர்கள், பிள்ளை பெற்று நாற்பது கழிந்தும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மனமில்லாத மருமகள்கள், இவர்களை நாம் 'வேலைக்குக் கள்ளம்' என்று எத்தனை வீடுகளில் பேசியிருப்போம்! வயதானவர்களுக்கு மறதி போல் வரும். வாலிபப் பிள்ளைகளுக்குச் சோர்வாக வராமல் எரிச்சலும் கோபமுமாக வருவதுண்டு. சிலருக்குப் பசி அற்றுப்போவதற்குப் பதிலாக அளவுக்கு மீறிச் சாப்பாடும் தூக்கமுமாக மாறிவிடும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களை விட அதிகமாக வருகிறதென்பதையும் சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாள் இரண்டு நாள் வருத்தம் எல்லோருக்கும் உண்டு. அதை நோய் என்று சொல்லி ஓடவேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்தால்தான் டாக்டர்கள் இதை நோயாகப் பார்க்கிறார்கள். ஓதிப் பார்ப்பதையும், தண்ணீர் ஓதிக் குடிப்பதையும் நான் குறை கூறவில்லை. என் சிப்பந்திக்கும் ஆலிம்சாவிடம் ஓதித்தான் கொடுத்தேன். ஆலிம்சா ஓதிவிட்டு, "மாத்திரையை விட்டுவிடாதே" என்று சொல்லி அனுப்பினார். அல்லாஹ் மருந்தில்லாமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற ஹதீஸை அறிந்தவர் அவர்.

மாத்திரையைப் பற்றி மக்கள் பேசுவதில் பாதி பொய். தூக்க மாத்திரை போல இதற்கு அடிமையாகிவிடுவதில்லை. ஆனால் இன்று விழுங்கி நாளைக்குக் குணம் காண்பதும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு ஆறு. முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவருக்கு இரவில் ஒரு வேளைதான் கொடுத்தார்கள்; நோன்புக்கு இடைஞ்சல் இல்லை. மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் தெரியலை காக்கா, விட்டுடவா?" என்று கேட்டார். அந்த வாரந்தான் மிகவும் கஷ்டமான வாரம். மாடியில் தனியே விடாமல் என் வீட்டு முன்னறையில் படுக்க வைத்தேன்.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பேச்சு. 1911-ல் திறந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை நாம் நூறு வருஷமாக வசையாக உபயோகித்து வருகிறோம். மலேசியாவில் பிள்ளைகள் சண்டையில்கூட அந்தப் பெயர் வரும். சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு 'வுட்பிரிட்ஜ்' அப்படி. அந்த வசைக்குப் பயந்து டாக்டர் வாசலை மிதிக்காதவர்கள் எத்தனை பேரோ! என் சிப்பந்தி ஒரு நாளும் எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை. மாதம் ஒரு முறை போய் வந்தார், அவ்வளவுதான். உயிரை விட முயன்றவர்களைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயமும் இனி வேண்டாம். சிங்கப்பூரில் 2020-லும் மலேசியாவில் 2023-லும் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பிரஜைகளுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கட்டணம் கூடுதல். அதை முதலாளி கொடுப்பதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். அவர்களுடைய உழைப்பை வாங்குகிறவன் அவர்கள் உடம்பு காட்டும் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டவன். நேரில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு 2022-ல் சுகாதார அமைச்சு ஏற்படுத்திய 15555 என்ற டெலிபோன் எண் இருக்கிறது.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அடுக்குத் தூக்கு காலியாகத் திரும்பியது என்று என் மனைவி சொன்னார். அதை நான் வியாபாரத்தில் கண்ட எந்த லாபத்தையும் விடப் பெரியதாக எண்ணினேன். தூக்கம் அதற்குப் பின் வந்தது. சிரிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. உடம்பில் முதலில் நுழைந்த நோய் உடம்பிலிருந்துதான் முதலில் வெளியேறியது.

பிடித்த 6 நாள் சம்பளத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக் கொண்டார். ஆனால் ஏசிய வார்த்தையை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க முடியுமா? ஆட்களுக்கு முன்னால் சொன்னதற்கு ஆட்களுக்கு முன்னாலேயே மாப்புக் கேட்க வேண்டும் என்று ஆலிம்சா சொன்னார். பல நாள் தள்ளிப் போட்டேன். ஒரு சனிக்கிழமைக் காலை, ஐந்தாறு பேர் சாமான் வாங்கிக் கொண்டிருந்த வேளையில், லோரியிலிருந்து வெங்காயம் இறங்கிக் கொண்டிருந்தது. நான் கல்லாவை விட்டு எழுந்து போய், "தம்பி, அன்றைக்கு முட்டை உடைந்தபோது உங்களைச் சோம்பேறி என்று சொன்னேன். அது பொய். எனக்கு மாப்புத் தரவேண்டும்" என்றேன். கடை நிசப்தமாயிற்று. அவர் தோளில் ஒரு மூட்டையோடு நின்று கொண்டிருந்தார். முகம் சிவந்து விட்டது.

"அதை விடுங்க காக்கா," என்றார். மூட்டையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கி, கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு லோரிக்காரன் பக்கம் திரும்பினார். "இதுலே இருபத்தஞ்சு கிலோ இல்லை. இருபத்து மூணுதான் இருக்கும். தராசுலே வைங்க."